வெள்ளைச் சீட்டுக்கு உரிய மரியாதை

சட்டமன்றத்துக்கும் பாராளுமன்றத்துக்கும் வாக்களித்துப் பழகி, இயந்திரத்தில் ஒரு பொத்தானை அழுத்தி அதன் ஒலி கேட்டதும் கடமை முடிந்ததென்று வெளியே வந்துவிடும் தமிழ்நாட்டுக் கிராமவாசி ஒருவர், ஊராட்சித் தேர்தலன்று அதே பள்ளிக்கூடக் கட்டடத்துக்குள் நுழைந்து, விரலில் மை வைக்கப்பட்ட பின், நான்கு வண்ணங்களில் நான்கு சீட்டுகளும் ஒரு ரப்பர் முத்திரையும் கையில் தரப்படும்போது சற்றே திகைத்து நிற்பது இயல்பே. இளஞ்சிவப்புச் சீட்டு ஊராட்சித் தலைவருக்கு. பச்சை ஒன்றியக் குழு உறுப்பினருக்கு. மஞ்சள் மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு. வெள்ளை அவரவர் வார்டு உறுப்பினருக்கு. இரண்டு வார்டுகளுக்கு ஒரே சாவடி அமைந்த இடங்களில் மட்டும் ஒரு வார்டின் சீட்டு இளநீலமாக இருக்கும். நகரவாசிகளுக்கு இந்தச் சிரமம் இல்லை. 2022 பிப்ரவரியில் அவர்கள் இயந்திரத்தில் ஒரே ஒரு வாக்கைப் பதிவு செய்துவிட்டு, மேயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கவுன்சிலர்களிடம் விட்டுவிட்டார்கள்.

நான்கு சீட்டுகளிலும் முத்திரை குத்த வேண்டும். ஒரு சீட்டில் ஒரு முறை மட்டுமே குத்த வேண்டும். தாம் விரும்பும் வேட்பாளரின் சின்னம் உள்ள கட்டத்துக்குள், கோட்டின்மேல் படாமல் குத்த வேண்டும். இவ்வளவுதான் விதி என்று தோன்றும். ஆயினும் குத்திய பிறகு சீட்டை எப்படி மடிக்கிறோம் என்பதிலும் வாக்கின் ஆயுள் அடங்கியிருக்கிறது. முதலில் நெடுக்காகவும் பிறகு குறுக்காகவும் மடிக்க வேண்டும். நெடுக்காக மடித்தால் ஈர மை எதிர்ப்பக்கத்தில் ஒட்டினாலும் அதே வேட்பாளரின் வரிசையிலேயே ஒட்டும், அவசரத்தில் முதலிலேயே குறுக்காக மடித்தாலோ அது வேறொருவர் சின்னத்தின்மேல் போய்ப் பதியக்கூடும். இதை முன்கூட்டியே எண்ணிப் பார்த்தவர்கள்தான் முத்திரையை ஸ்வஸ்திகத்தைப் போல ஒரு பக்கமாகத் திரும்பிய வடிவத்தில் அமைத்தார்கள். மடிப்பினால் ஒட்டிய நிழல் கண்ணாடியில் தெரியும் பிம்பமாக எதிர்த்திசையில் திரும்பியிருப்பதால், எது வாக்காளர் குத்திய குறி, எது மை ஒட்டியதால் விழுந்த கறை என்பதை எண்ணுகிற அதிகாரி பிரித்தறிந்துவிடலாம். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டி, குறியே இடாத சீட்டை அதனுள் போடச் செய்தார்கள். 1962-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலுக்குள் முத்திரை குத்தும் முறை வந்துவிட்டது. எழுத்தறியாத பிரஜையின் சம்மதத்தைப் பிழையின்றிப் பதிவு செய்ய இத்தேசம் எத்தனை பிரயத்தனம் செய்திருக்கிறது என்பதை நினைக்கையில் எனக்குப் பெருமிதம் உண்டாகிறது.

பேனாவால் குறியிட்ட சீட்டும், கைரேகை பதித்த சீட்டும், இருவருக்குக் குத்திய சீட்டும், குத்தியவர் இன்னாரென்று காட்டும்படி பெயரோ கையெழுத்தோ உள்ள சீட்டும் செல்லாதவை. ஒன்றுமே குத்தாமல் மடித்துப் போட்டதும் அவ்வாறே. 'எவருக்கும் இல்லை' என்று தெரிவிக்கும் நோட்டா வசதி நம் உள்ளாட்சித் தேர்தலில் இல்லை. ஆகையால் வெறுஞ்சீட்டு எவருடைய கண்டனத்தையும் கணக்கில் ஏற்றுவதில்லை. 2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில் பதிவான வாக்குகளை 2020 ஜனவரி 2-ஆம் தேதி எண்ணத் தொடங்கியபோது, சீட்டுகளை முதலில் வண்ண வாரியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்ததால் பல இடங்களில் வேலை மறுநாளும் நீடித்தது. சில நூறு வாக்காளர்களே உள்ள ஒரு வார்டில் செல்லாத சீட்டுகள் நான்கைந்து இருந்தாலே முடிவு மாறக்கூடும். சமமாக நின்றால் திருவுளச் சீட்டுத்தான்.

இந்தச் சிறிய வெள்ளைச் சீட்டைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நான்கிலும் மிகுந்த அலட்சியத்துக்கு ஆளாவது இதுவே. தலைவர் பதவிக்கு ஊரே இரண்டுபட்டு நிற்கும். ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் கட்சிகள் தம் சின்னங்களோடு வந்து பிரசாரம் செய்யும். வார்டு உறுப்பினரோ கட்சியின்றி, சுயேச்சைச் சின்னங்களில் ஒன்றைப் பெற்று, நான்கு தெருக்களுக்குள் நடந்தே வாக்குக் கேட்டு முடித்துவிடுவார். அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது என்று கேட்பவர்கள் ஒரு விஷயத்தை மறந்துவிடுகிறார்கள். ஊராட்சிக்கு ஆறு முதல் பதினைந்து வரையுள்ள இந்த வார்டு உறுப்பினர்கள்தாம் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் துணைத்தலைவரின் கையொப்பமும் சேர்ந்தால்தான் ஊராட்சியின் காசோலை செல்லும். குடிநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் செலவாகும் பணத்தின்மேல் தலைவரைத் தவிர்த்த இரண்டாவது கை எவருடையது என்பதை நிர்ணயிப்பது, தெருமுனையில் இருக்கும் நம் அடுத்த வீட்டுக்காரருக்கு நாம் குத்துகிற வெள்ளைச் சீட்டேயாகும். திறமையும் நேர்மையும் உள்ள தலைவருக்கு இந்தக் கை துணையாகிறது. யதேச்சையாக நடப்பவருக்குத் தடையாகிறது.

இத்தகைய சீட்டை வாக்காளர் பலர் கண்ணால் காண்பதே இல்லை என்பதுதான் என் நெடுநாளைய கவலை. 2019-ஆம் ஆண்டில் 27 மாவட்டங்களில் தேர்தல் அறிவிக்கப்பட்ட 76,746 வார்டு உறுப்பினர் பதவிகளில் 18,000-க்கும் மேற்பட்டவை போட்டியின்றியே நிரம்பிவிட்டன; ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அந்த வார்டுகளில் வாக்குச்சாவடிக்குச் சென்றவர்களுக்கு மற்ற வண்ணங்கள் கிடைத்தன, வெள்ளை கிடைக்கவில்லை. சில இடங்களில் நிற்பதற்கு ஆள் இல்லாமையாலும், சில இடங்களில் உண்மையான ஒருமித்த அன்பினாலும் இது நேர்ந்திருக்கலாம். ஆனால் கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொதுநிதிக்கோ அதிகத் தொகை தருபவருக்கே பதவி என்று கூட்டம் கூட்டி ஏலம் விட்டு, மற்றவர்களை மனுத் தாக்கல் செய்யவொட்டாமல் தடுத்துவிடும் வழக்கம், சட்டம் ஏற்காத ஒன்றாயிருந்தும், தேர்தல்தோறும் செய்தியாக வந்துகொண்டேயிருக்கிறது. கோயிலுக்குப் போன பணமாயினும் அது வாக்குரிமைக்குக் கொடுத்த விலைதான். தொகை கொடுத்துப் பதவி பெற்றவர் அதைத் திரும்ப ஈட்ட எண்ணுவது ஒருபுறமிருக்க, அந்த ஏலத்தில் கைநீட்டிக் கேட்க இயலாத கூலிக்காரரும் கைம்பெண்ணும் சேரிவாசியும் வேட்பாளர் ஆகும் உரிமையையும் வாக்காளர் ஆகும் உரிமையையும் ஒரே மாலையில் இழந்துவிடுகிறார்கள்.

ஊர் ஒற்றுமை என்ற பெயரில் எவ்வளவு பெரிய அநீதி நிலைபெற முடியும் என்பதற்கு மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டியும் கீரிப்பட்டியும் நாட்டார்மங்கலமும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலும் சாட்சி. 1996-இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி ஆதிதிராவிடருக்கு ஒதுக்கப்பட்டது முதல், மனுத் தாக்கல் செய்பவர் இல்லாமலும், செய்தவர் பின்வாங்கியும், வென்றவர் உடனே ராஜினாமா செய்தும் தேர்தல் பயனற்றுப் போய்க்கொண்டேயிருந்து, 2006-இல்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது. பத்து வருஷங்கள் அவ்வூர்களில் போட்டி என்பதே இல்லை. அதை ஒற்றுமை என்று எவர் சொல்லத் துணிவார்?

போட்டி வந்தால் பங்காளிகளுக்குள் பகை மூளும், வீண் செலவு ஆகும் என்று முதியவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமற்போகவில்லை. ஆயினும் பகையை அஞ்சி வாக்கை விட்டுக்கொடுக்கும் ஊரில் பகை மறைவதை நான் கண்டதில்லை. தோற்றவர் எத்தனை வாக்குப் பெற்றார் என்று ஊருக்குத் தெரியும்போது, வென்றவருடைய பேச்சில் தானாக ஓர் அடக்கம் வருவதைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே எப்படி வாக்களிப்பது என்று கேட்பவர்களுக்கு, முத்திரையையும் மடிப்பையும் விளக்குவதற்கு முன்னால், மனுத் தாக்கல் செய்யக் கடைசி நாள் எது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள் என்றே சொல்வேன். 2019-இல் தேர்தல் நடந்த அந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. 2016-க்குப் பின்னும் இப்படித்தான் மூன்று வருஷங்கள் ஊராட்சிகள் பிரதிநிதிகள் இல்லாமல் இருந்தன. தேர்தல் அறிவிப்பு வந்ததும் வாக்காளர் பட்டியலில் தம் பெயர் எந்த வார்டில் இருக்கிறது என்று பார்த்து, அந்த வார்டு பொதுவா, பெண்களுக்கா, ஆதிதிராவிடருக்கா என்று கேட்டறிந்து, தெருவில் நம்பத்தக்கவர் ஒருவரையாவது நிற்கச் செய்ய வேண்டும். இருபத்தொரு வயது நிரம்பியிருந்தால் போதும். 2019-இல் வார்டு உறுப்பினர் பதவிக்கு வைப்புத் தொகை 200 ரூபாய். ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி.