படத்தொகுப்பாளர் நிலைமை

எடிட்டர் என்றவுடன் நமது நேயர்கள் பத்திராதிபரையே நினைப்பார்கள். இன்று நாம் எழுதப் புகுவது அவரைப் பற்றியன்று. சலனப் படங்களை வெட்டி ஒட்டித் தொகுக்கும் எடிட்டரைப் பற்றியே. சென்ற மாதம் அத்தொழில் செய்யும் வாலிபர் ஒருவர் நமது வக்கீல் ஆபீஸுக்கு வந்தார். இணையத்தில் வெளிவரும் தொடரொன்றை நான்கு மாதம் இரவு பகலாகத் தொகுத்துக் கொடுத்தாராம். முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் வரவில்லை. "ஒப்பந்தப் பத்திரம் எங்கே?" என்று கேட்டோம். கைப்பேசியை எடுத்து நீட்டினார். "பணம் பார்த்துக்கலாம் தம்பி, முதல்ல முடிச்சுக் கொடுங்க" என்ற வாட்ஸ்அப் செய்தி ஒன்றுதான் அவரிடமிருந்த பத்திரம்!

இத்தொழிலின் பழைய நிலையை அறிந்தாலன்றி இவ்வாலிபருடைய சங்கடம் விளங்காது. 35 மில்லிமீட்டர் பிலிம் வினாடிக்கு 24 படங்கள் வீதம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். இரண்டு மணி நேரப் படமென்றால் 10,800 அடி. அதைப் பொறுக்கி எடுப்பதற்கு அதனினும் பன்மடங்கு நீளமான பிலிமைப் பார்த்தாக வேண்டும். ஐவன் செரூரியர் என்பவர் 1924-ல் அமெரிக்காவில் இவ்வேலைக்கென அமைத்த மூவியோலா யந்திரம் ஹாலிவுட்டிலும், பின்னர் நமது கோடம்பாக்கத்திலும், எடிட்டருடைய ஆசனமாக விளங்கிற்று. வெட்டிய துண்டுகளை வரிசையாகத் தொங்கவிடவும், பிலிம் ஓரத்து எண்களைக் குறித்து வைக்கவும், கேட்ட துண்டைக் கேட்ட கணத்தில் எடுத்துக் கொடுக்கவும் உதவியாளர்கள் அருகிலேயே நின்றார்கள். அவர்களுக்குச் சம்பளம் சொற்பம். ஆயினும், நடிகரின் முகத்தை இன்னும் அரை வினாடி நிறுத்தினால் என்னவாகும், முன்னதாகவே வெட்டினால் என்னவாகும் என்பதை ஆசானின் கையைப் பார்த்தே கற்றார்கள். அந்த மேஜையே அவர்களுக்குக் கலாசாலை.

1989-ல் ஆவிட் என்னும் கணினி முறை வந்தது. பிலிமைத் தொடாமலே வெட்டலாம். வெட்டியதைக் கணத்தில் மாற்றலாம். நம் நாட்டில் 1994-ல் வெளிவந்த மகாநதி இம்முறையில் தொகுக்கப்பெற்ற முதற் படமென்பர். வால்டர் மர்ச் கணினியில் தொகுத்த 'தி இங்கிலிஷ் பேஷண்ட்' 1997-ல் அமெரிக்க அகாடமிப் பரிசு பெற்றதும், பழைய யந்திரங்களின் காலம் முடிந்ததென்பது உறுதியாயிற்று. (அதே அகாடமி 2022-ல் எடிட்டிங் உள்ளிட்ட எட்டுப் பரிசுகளை ஒளிபரப்பு தொடங்குமுன்பே வழங்கிவிட்டு, பின்னர் அவற்றைச் சுருக்கிக் காட்டியது. எடிட்டர்களின் பரிசையே எடிட் செய்தார்கள்!) 1999-ல் ஆப்பிள் கம்பெனியின் ஃபைனல் கட் புரோ வந்தது. பெரிய கம்பெனிகளே வாங்கக்கூடியதாயிருந்த கருவி, வீட்டு மேஜைக்கு வந்து சேர்ந்தது. இன்றோ டாவின்சி ரிசால்வை விலையின்றியே பெறலாம். கிராமத்து மாணவனும் எடிட்டராகலாம் என்பது பெரிய நன்மை. இதை மறுப்பவர் நியாயவாதியாகார்.

நிற்க. மிச்சப்பட்ட நேரம் யாரைச் சேர்ந்தது என்று கேட்க வேண்டும். பிலிம் செலவு இல்லாமற் போகவே, காமிராவை நிறுத்தாமல் ஓட்டுகிறார்கள். பார்த்துக் கழிக்க வேண்டிய காட்சிகள் மலையாகக் குவிகின்றன. கொடுக்கும் நாட்களோ குறைகின்றன. உதவியாளர் வேறு அறையில், பெரும்பாலும் இரவில், காட்சிகளைக் கணினியில் ஏற்றிப் பிரித்து வைத்துவிட்டுப் போகிறார். ஆசான் வெட்டும் போது அவர் அங்கில்லை. 2023-ல் அடோபி பிரீமியரில் புதிய வசதியொன்று வந்தது. பேச்சு எழுத்தாகத் திரையில் தோன்றுகிறது. எழுத்தை அழித்தால் படமும் வெட்டுப்படுகிறது. முதல் வெட்டு எனப்படும் ஆரம்ப வேலையை யந்திரமே செய்யத் தொடங்கினால், அவ்வேலையில் பழகி முன்னேற வேண்டிய இளைஞன் எங்கே போவான்? வாய்பேசாத முகத்தில் நிற்கும் துயரம் எழுத்தில் வராது. எவ்வளவு நேரம் அதைக் காட்டுவது என்பதற்கு மனிதன்தான் வேண்டும். அம்மனிதனை எங்கே பயிற்றுவிப்பது என்பதே நமது கவலை.

அமெரிக்கத் திரைத் தொழிலாளர் இதை விதியென்று விட்டுவிடவில்லை. 2023-ல் எழுத்தாளர் சங்கத்தார் 148 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். எடிட்டர்களின் கில்டு அடங்கிய ஐயட்ஸி சம்மேளனம் 2024-ல் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் செயற்கை அறிவு பற்றிய ஷரத்துகள் சேர்ந்தன. தமிழ்நாட்டிலும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் எடிட்டர்களுக்குச் சங்கம் உண்டு. ஆனால், கல்யாண வீடியோவும் விளம்பரமும் யூடியூப் படமும் தொகுக்கும் வாலிபர்களில் பெரும்பாலோர் அதற்கு வெளியே நிற்கிறார்கள்.

சட்டமோ இவர்களை வெகுகாலம் கவனிக்கவேயில்லை. 1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி படத்தின் கர்த்தா தயாரிப்பாளர். 2012-ல் செய்த திருத்தம் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டி உரிமையை உறுதிப்படுத்திற்று; எடிட்டருக்கு ஒன்றுமில்லை. 1981-ல் இயற்றிய சினிமாத் தொழிலாளர் சட்டம் எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டுமென்றது. ஆனால், அது கதை சொல்லும் முழுநீளப் படங்களுக்கு மட்டுமே. இயற்றியபோது மாதம் 1,600 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளக்காரருக்கு அதில் இடமில்லை. அதை நீக்கி வந்த 2020-ம் வருஷத்துத் தொழிற் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. இதில் விளம்பரம், தொலைக்காட்சி, இணையத் தொடர் யாவும் அடங்கும். வேலை இன்னது, கூலி இவ்வளவு, நேரம் இவ்வளவு என்று எழுதிப் பதிவு செய்யாமல் தொழிலாளரை அமர்த்தலாகாது. ஆயினும் இங்கும் சம்பள வரம்பு உண்டு. அத்தொகையை நிர்ணயிக்கும் அதிகாரம் மத்திய சர்க்காரிடம் விடப்பட்டிருக்கிறது. வரம்பு தாழ்ந்தால், முன்போலவே சட்டம் ஏட்டில் இருக்கும். எடிட்டர் வெளியில் இருப்பார்.

நம்மிடம் வந்த வாலிபருக்கு, வாட்ஸ்அப் செய்தியையும் உரிய சான்றுடன் தாக்கல் செய்தால் கோர்ட்டு ஏற்கும் என்று தைரியம் கூறி, நோட்டீஸ் எழுதத் தொடங்கினோம். "நோட்டீஸ் போனா மத்தவங்க வேலை கொடுப்பாங்களா ஐயா?" என்று கேட்டார். யோசித்து வருவதாகச் சொல்லிப் போனவர் இன்னும் வரவில்லை. சங்கத்தார் இத்தகையோரை அங்கத்தினராகச் சேர்த்து, ஒப்பந்த நமுனா ஒன்றைத் தமிழில் அச்சிட்டு வழங்கலாம். சம்பள வரம்பு விஷயத்தை நமது பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்திலேயே கிளப்ப வேண்டும்.