ஓய்வு வயது வந்தால் வேலையை விடலாமா?

மூணாறு தேயிலை எஸ்டேட். மாலை நேரம். எங்கள் படிப்பு மையத்திற்கு ஓர் அம்மா வந்தார். கையில் ஒரு கடிதம் இருந்தது.

"தம்பி, எனக்கு 58 வயசு முடியுதாம். ஆபீஸ்ல இதைக் கொடுத்தாங்க. நானே எழுத்துக்கூட்டிப் படிச்சேன். வேலையை விடறதா, இன்னும் கொஞ்ச நாள் செய்யறதா? ஒண்ணும் புரியலை" என்றார்.

அந்த அம்மா 30 வருடமாகக் கொழுந்து கிள்ளுகிறார். மழையிலும் பனியிலும் மலைச்சரிவில் நின்று செய்யும் வேலை அது. முதுகில் பாரம். காலில் அட்டைக்கடி. இப்போது முழங்கால் வலி வேறு. ஆனாலும் வேலையை விட அவருக்குப் பயம். ஏன்? அவர் குடியிருக்கும் லயத்து வீடு எஸ்டேட்டுக்குச் சொந்தம். வேலை போனால் வீடும் போய்விடும்.

எஸ்டேட், மில், தொழிற்சாலை என்று எங்கே வேலை பார்த்தாலும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். பயந்துகொண்டு முடிவு எடுக்கக் கூடாது. கணக்குப் பார்த்து எடுக்க வேண்டும். வாருங்கள், நாமும் கணக்குப் பார்ப்போம்.

வர வேண்டிய பணம் எவ்வளவு?

முதலாவது, பி.எஃப். பணம். மாதாமாதம் நம் கூலியில் பிடித்ததும், நிர்வாகம் கட்டியதும், அதற்கான வட்டியும் சேர்ந்தது இது.

இரண்டாவது, பென்ஷன். பி.எஃப். தொழிலாளர்களுக்கான இந்தத் திட்டம் 1995 நவம்பர் 16 அன்று தொடங்கியது. 10 வருடம் பென்ஷன் கணக்கில் இருந்தவருக்கு 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. வேலையை விட்டால்தான் பென்ஷன் வரும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 58 முடிந்த பிறகு வேலை செய்துகொண்டே பென்ஷனும் வாங்கலாம். அதற்கு 10-டி என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும்.

பென்ஷனைத் தள்ளிப்போட்டால் கூடுதலாக வரும் என்றும் சொல்வார்கள். அது உண்மைதான். 2016இல் வந்த விதிப்படி, 60 வயது வரை தள்ளிப்போடலாம். ஒரு வருடத்திற்கு 100க்கு 4 ரூபாய் கூடும். ஆனால் கணக்கைப் பாருங்கள். 3,000 ரூபாய் பென்ஷனைப் பங்கு கட்டாமல் ஒரு வருடம் தள்ளிப்போட்டால், பிறகு மாதம் 3,120 ரூபாய் வரும். கூடியது 120 ரூபாய். அந்த ஒரு வருடத்தில் வாங்காமல் விட்டது 36,000 ரூபாய். மாதம் 120 ரூபாயாக அதை மீட்க 25 வருடம் ஆகும்!

மூன்றாவது, கிராஜுவிட்டி. வேலை செய்த ஒவ்வொரு வருடத்திற்கும் 15 நாள் கூலி. நாள் கூலி 400 ரூபாய், வேலை 30 வருடம் என்று வைத்துக்கொள்வோம். 400 x 15 x 30 = 1,80,000 ரூபாய். இதை 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதமானால் வட்டியும் சேர வேண்டும்.

தொடர்ந்தால் என்ன வேலை?

ஓய்வுக்குப் பிறகு பலரைத் தற்காலிகத் தொழிலாளியாக எடுப்பார்கள். வேலை அதேதான். கணக்கு புதியது. பழைய 30 வருடம் அதோடு சேராது. அதனால் நான்கு விஷயங்களைக் கேளுங்கள். நாள் கூலி எவ்வளவு? மாதம் எத்தனை நாள் வேலை? லீவும் மருத்துவமும் உண்டா? வீட்டில் எத்தனை மாதம் இருக்கலாம்? பதிலை எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சு பின்னால் உதவாது.

உடம்பு என்ன சொல்கிறது?

இதை டாக்டரிடம் கேளுங்கள். சம்பாதிக்கும் கூலி முழுவதும் மருந்துக்கே போனால், அந்த வேலையால் என்ன லாபம்? மகனும் மருமகளும் என்ன நினைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். வீட்டைக் காப்பாற்றுவதற்காகவே பிள்ளைகளை எஸ்டேட் வேலைக்கு அனுப்பும் குடும்பங்கள் உண்டு. பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டாமா?

பி.எஃப். இல்லாதவர்கள் என்ன செய்வது? வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் 60 வயது ஆனவர்களுக்கு முதியோர் பென்ஷன் உண்டு. பஞ்சாயத்தில் விசாரியுங்கள்.

அந்த அம்மா என்ன செய்தார்? இரண்டு நாள் உட்கார்ந்து கணக்கு எழுதினார். பென்ஷனைத் தள்ளிப்போடவில்லை. கிராஜுவிட்டிப் பணத்தில் ஊர்ப்பக்கம் சின்ன வீடு கட்ட முடிவு செய்தார். வீடு முடியும் வரை, ஒரே ஒரு வருடம், தற்காலிக வேலை. ஆபீஸில் காகிதத்தை நீட்டினார்கள். வாங்கிப் படித்தார். வீட்டைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. "இதையும் எழுதிக் கொடுங்க ஐயா. அப்புறம் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுதிக் கொடுத்தார்கள். முன்பு கைநாட்டு வைத்த அதே ஆபீஸில், தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டார்.

சிந்திப்போம்

1. உங்கள் பி.எஃப். கணக்கில் பிறந்த தேதி சரியாக இருக்கிறதா?
2. உங்களுக்கு எத்தனை வருடக் கிராஜுவிட்டி வரும்? கணக்கிட்டு எழுதுங்கள்.
3. ஓய்வுக்குப் பிறகு எங்கே குடியிருப்பீர்கள்? குடும்பத்தோடு பேசுங்கள்.