கல்லா நிறையுது... கை காலி!
டீக்கடை முதலாளியின் ஒரு நாள் கணக்கு

சென்னை:-

"சொந்தமா ஒரு கடை போட்டா போதும். அப்புறம் எவனுக்கும் சலாம் போட வேண்டாம்!"

மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு பஸ் பிடிக்கும் எல்லோருக்கும் ஒரு நாளாவது வரும் ஆசை இது.

வடசென்னையில் ஒருவருக்கும் இந்த ஆசை வந்தது. 20 ஆண்டு ஒரு கம்பெனியில் கிளார்க் வேலை பார்த்தவர் அவர். வேலையை விட்டார். பி.எப். பணம் ரூ.4 லட்சம் கைக்கு வந்தது. கடை அட்வான்ஸ், பாய்லர், பாத்திரம், போர்டு என்று ஒரே மாதத்தில் அத்தனையும் கரைந்தது. இப்போது அவர் டீக்கடை முதலாளி!

கடை திறந்து 8 மாதம் ஆகிறது. கூட்டத்துக்குக் குறைவு இல்லை. ஆனால் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்ட அவர் கையில் பணம் இல்லை.

பணம் எங்கே போகிறது? இதைப் பார்க்க நமது நிருபர் ஒரு நாள் முழுவதும் அந்தக் கடையில் உட்கார்ந்து இருந்தார்.

அதிகாலை 4 மணி

அதிகாலை 4 மணிக்கு ஷட்டர் தூக்கப்படுகிறது. பால் வருகிறது. டீ மாஸ்டர் வருகிறார். வடைக்கு மாவு அரைத்துக் கொடுப்பது முதலாளியின் மனைவி. அவருக்குச் சம்பளம் கிடையாது.

6 மணிக்கு மேல் நிற்க இடம் இல்லை. "பதினைந்து ரூபாய் வந்தது, முப்பது ரூபாய் வந்தது" என்று பணம் வந்ததைச் சொல்லும் பெட்டி ஓயாமல் கத்துகிறது.

டீ குடிக்க வந்த ஒருவர் நிருபரிடம், "2025 செப்டம்பர்ல டீ விலையை 12 ரூபாயில இருந்து 15 ரூபாய் ஆக்கிட்டாங்க சார். ஒரு டீயில பத்து ரூபாய் லாபம் இருக்கும். இவருக்கு என்ன குறைச்சல்?" என்றார்.

முதலாளி காதிலும் இது விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டார்.

காலண்டர் தாளில் கணக்கு

பகலில் கூட்டம் குறைந்ததும் முதலாளியும் நிருபரும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்கள். இந்த 8 மாதத்தில் அவர் இப்படிக் கணக்கு எழுதியது இதுதான் முதல் தடவை!

ஒரு நாள் வரவு:- டீ 350-க்கு ரூ.5,250. வடை, பிஸ்கட் ரூ.2,000. மொத்தம் ரூ.7,250.

ஒரு நாள் செலவு:- பால் 28 லிட்டர் ரூ.1,680. தூள், சர்க்கரை ரூ.600. கியாஸ் ரூ.700. மாஸ்டர் சம்பளம் ரூ.900. கிளாஸ் கழுவுகிறவர் சம்பளம் ரூ.600. வாடகை ரூ.500. கரண்டு, தண்ணீர், கப் ரூ.270. வடைக்கும் பிஸ்கட்டுக்கும் முதல் ரூ.1,400. மொத்தம் ரூ.6,650.

மிச்சம் ரூ.600!

அதிகாலை 4 மணியில் இருந்து இரவு 10 மணி வரை நிற்கும் முதலாளிக்கும் ரூ.600. கிளாஸ் கழுவுகிறவருக்கும் ரூ.600. முதலாளியின் மனைவிக்கு ஒன்றும் இல்லை. வீடுகளுக்கு உள்ள இலவச மின்சாரமும் கடைக்குக் கிடையாது.

"தினமும் ஏழாயிரம் ரூபாய் பார்க்கிறேனா தம்பி, அது என் பணம்னே நினைச்சிட்டேன். வீட்டு வாடகை, மளிகை, பொண்ணு பஸ் காசு எல்லாம் அதுல இருந்துதான் எடுப்பேன். மறுநாள் பால்காரருக்குக் கொடுக்கப் பணம் இருக்காது" என்று அவர் கூறினார்.

தண்டல்காரர் வந்தார்

மாலை 4 மணிக்கு ஒருவர் பைக்கில் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை. முதலாளியே ஓடிப்போய் 300 ரூபாயும் ஒரு சின்ன அட்டையும் கொடுத்தார். அட்டையில் கையெழுத்து விழுந்தது. வண்டி பறந்தது.

பாய்லர் ரிப்பேருக்கும் பால் பாக்கிக்கும் வாங்கிய தண்டல் அது. எழுதியது ரூ.30,000. கைக்கு வந்தது ரூ.25,500. தினம் ரூ.300 வீதம் 100 நாள் கட்ட வேண்டும்.

"15 வட்டிதானே?" என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்புக் கணக்கு. அசல் தினமும் குறைந்துகொண்டே வருகிறது. வாங்கிய பணத்தில் பாதிகூடப் பாதி நாளுக்கு மேல் கையில் இருப்பது இல்லை. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் வட்டி நூற்றுக்கு நூறையும் தாண்டிவிடுகிறது!

600-ல் 300 போனால் மிச்சம் 300. கிளாஸ் கழுவுகிறவர் சம்பளத்தில் பாதிதான் முதலாளிக்கு.

தண்டல், மீட்டர் வட்டி, கந்து வட்டி எல்லாவற்றையும் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. 3 ஆண்டு வரை ஜெயில், ரூ.30 ஆயிரம் வரை அபராதம் உண்டு.

போலீசில் சொல்லலாமே என்று கேட்டதற்கு, "நாளைக்கு அவசரம்னா யாரு தம்பி தருவா?" என்று திருப்பிக் கேட்டார்.

அண்ணாச்சி சொன்ன வழி

பக்கத்தில் 30 ஆண்டாக மளிகைக்கடை வைத்து இருக்கும் அண்ணாச்சி இதை எல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தார். அவர் கூறியதாவது:-

"கூட்டத்தைப் பார்த்து மயங்கப்படாது. கடைப் பணம் வேற, வீட்டுப் பணம் வேற. ரெண்டுக்கும் தனித்தனி கணக்கு வேணும். நீயும் ஒரு வேலைக்காரன்தான், உனக்கும் சம்பளம் எழுது. அதையும் கழிச்சு மிச்சம் நின்னாத்தான் லாபம். கடை போடுறவன் 6 மாச வீட்டுச் செலவைத் தனியா ஒதுக்கி வச்சிட்டுத்தான் ஷட்டரைத் தூக்கணும். இவரு மொத்தத்தையும் பாய்லர்லயும் போர்டுலயும் போட்டுட்டாரு. அதான் தண்டல்ல மாட்டிக்கிட்டாரு."

சிறு வியாபாரிகளுக்கு என்று 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் ரூ.50 ஆயிரம் வரை முதல் படிக் கடன் உண்டு. இதற்குச் சொத்து ஜாமீன் தேவை இல்லை. ஆனால் பாங்கிக்காரர் கேட்கும் முதல் கேள்வி, "வரவு செலவு கணக்கு எங்கே?" என்பதுதான். 8 மாதமாக அது இவரிடம் இல்லை.

முதல் வரி

இரவு 10 மணிக்கு ஷட்டர் இறங்கியது. "மறுபடியும் வேலைக்கே போயிடலாமே?" என்று நிருபர் கேட்டார்.

"போட்ட 4 லட்சத்தை யாரு தருவா? தண்டல் முடிய இன்னும் 60 நாள் இருக்கு. அது முடிஞ்சதும் அந்த 300-ஐப் பொண்ணு பீசுக்கு எடுத்து வைப்பேன். அதுவும் முடியலைன்னா கடையைக் கொடுத்துட வேண்டியதுதான்" என்றார் அவர்.

பிறகு அண்ணாச்சி கடையில் ஒரு 80 பக்க நோட்டு வாங்கினார். காசு கொடுத்துத்தான் வாங்கினார். அதில் அவர் மனைவி முதல் வரியை எழுதினார்:

"நோட்டு - செலவு ரூ.40."