அடுப்பங்கரை வழக்குகள் – 7: தரை என்ன பாவம் செய்தது?

போன வாரம் கோழிக்கறியைக் குழாயடியில் அலசக் கூடாது என்று எழுதி, பல வீடுகளில் திட்டு வாங்கினேன். அதை மறுபடி சொல்லப்போவதில்லை. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். ஓர் ஆளைப் படுக்கையில் தள்ள எத்தனை கிருமி வேண்டும் என்ற கணக்கை இந்த வாரம் தருவதாகச் சொல்லியிருந்தேன். எழுத உட்கார்ந்தால், குறுக்கே ஒரு பள்ளி மாணவி வந்து நின்றுகொண்டார்.

ஜிலியன் கிளார்க். சிகாகோவில் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவர். 2003-ல் இலினாய் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியல் ஆய்வகத்துக்குப் பயிற்சிக்காகப் போனார். கீழே விழுந்த தின்பண்டத்தை ஐந்து நொடிக்குள் எடுத்துவிட்டால் தின்னலாம் என்று அமெரிக்கப் பிள்ளைகளிடம் ஒரு வாய்மொழிச் சட்டம் உண்டு. பெரியவர்களும் அதை ரகசியமாகக் கடைப்பிடிப்பவர்கள்தான். அது நிஜமா என்று பார்த்துவிடலாம் என்பது அவருடைய திட்டம்.

முதலில் தரை எவ்வளவு அழுக்கு என்று தெரிய வேண்டுமே? பல்கலைக்கழக வளாகத்தில் ஆள் நடமாட்டம் மிகுந்த தரைகளில் மாதிரி எடுத்தார்கள். சோதித்தால், எண்ணிக்கை சொல்லும் அளவுக்குக்கூடக் கிருமி இல்லை! எங்கேயோ தவறு நடந்திருக்கிறது என்று மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே விடை. செருப்புக் கால்கள் நாள் முழுக்க மிதிக்கிற தரை, பரீட்சையில் தேறிவிட்டது.

இந்த வாரம் முழுக்கக் கண்ணில் பட்டவர்களையெல்லாம் நிறுத்திவைத்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யாரும் நம்பவில்லை. ஆனால் காரணம் எளிமையானது. தரை காய்ந்திருந்தது. பெரும்பாலான பாக்டீரியாவுக்குப் பெருக ஈரம் வேண்டும்; ஈரமில்லாத இடத்தில் பல வகைகள் செத்தே போகும். நாம் தூசியைப் பார்த்து அருவருக்கிறோம். தூசி கண்ணுக்குத் தெரிகிறது, கிருமி தெரிவதில்லை, அவ்வளவுதான்.

தரையில் கிருமி இல்லை என்றால் ஆய்வு எப்படி நடக்கும்? வழவழப்பான ஓடு, சொரசொரப்பான ஓடு என்று எடுத்து, அவர்களே ஈ.கோலையைப் பூசினார்கள். அதன்மேல் பிஸ்கட்டும் கம்மி மிட்டாயும் வைக்கப்பட்டன. ஐந்து நொடிக்குள்ளாகவே கிருமி ஏறிவிட்டது. சட்டம் செல்லாது. முதலில் சிரிக்கவைத்து, பிறகு யோசிக்கவைக்கிற ஆராய்ச்சிகளுக்குக் கொடுக்கப்படும் இக் நோபல் பரிசு 2004-ல் அவருக்குக் கிடைத்தது.

கூடவே ஒரு கருத்துக்கணிப்பும் எடுத்திருந்தார். பெண்களில் 70 சதவிகிதமும் ஆண்களில் 56 சதவிகிதமும் இந்த ஐந்து நொடிச் சட்டத்தை அறிந்திருந்தார்கள். விழுந்தால் எடுத்துத் தின்னப்படுவது பெரும்பாலும் பிஸ்கட்டும் மிட்டாயும். புரோக்கோலிக்கும் காலிஃபிளவருக்கும் அந்த யோகம் குறைவு. பாதுஷா விழுந்தால் நொடி எண்ணுகிற நாம், பாகற்காய்த் துண்டு விழுந்தால் உடனே சுகாதாரம் பேச ஆரம்பித்துவிடுகிறோம்.

நொடிக்கணக்கை முறையாக அலசியது ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் ஷாஃப்னரும் ராபின் மிராண்டாவும். 2016-ல் வெளிவந்த ஆய்வு. தர்பூசணி, ரொட்டி, வெண்ணெய் தடவிய ரொட்டி, கம்மி மிட்டாய் என நான்கு தீனி. எவர்சில்வர், ஓடு, மரம், கம்பளம் என நான்கு பரப்பு. ஒரு நொடிக்கும் குறைவு முதல் 300 நொடிவரை நான்கு கால அளவு. மொத்தம் 2,560 அளவீடுகள். நேரம் கூடினால் கிருமியும் கூடியது உண்மைதான். ஆனால் சில இடங்களில் ஒரு நொடி ஆவதற்குள்ளேயே அது ஏறிவிட்டது. அதிகம் வாரிக்கொண்டது தர்பூசணி. குறைவாக ஒட்டியது மிட்டாயில். ஈரமுள்ள பண்டம்தான் கிருமிக்கு வண்டி. கம்பளத்திலிருந்து ஏறியது எவர்சில்வரையும் ஓட்டையும்விடக் குறைவு என்பது இன்னொரு வேடிக்கை. கம்பளத்தின் மயிரிழைகளுக்கு நடுவே கிருமி கீழே போய்விடுகிறது, பண்டமோ நுனிகளை மட்டும் தொடுகிறது.

ஆகவே நம் வீட்டில் பயப்பட வேண்டியது, மாப் போட்டு ஈரம் காயாமல் பளபளக்கிற தரைக்கு, அதுவும் அந்த வாளித் தண்ணீர் பழையதாக இருந்தால். காய்ந்த தரையில் விழுந்த முறுக்கை நான் எடுத்துத் தின்பேன். தயிர்சாத உருண்டையைத் தொடமாட்டேன்.

காய்ந்த தரைக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் பால் டாசன் குழு, காய்ந்த பரப்புகளில் சால்மோனெல்லா நான்கு வாரம்வரை உயிரோடிருப்பதைக் கண்டது. போன வாரக் கோழித் தண்ணீர் அடுப்பங்கரைத் தரையில் தெறித்திருந்தால், முறுக்கையும் மறந்துவிடுங்கள்.

விழுந்ததை எடுப்பது பற்றி நம்மிடம் ஒரு பழங்கதை உண்டு. சிதறிய பருக்கையைக் குத்தியெடுத்து அலசிக்கொள்ள, இலையருகே ஊசியும் கிண்ணத்தில் தண்ணீரும் வைக்கச் சொன்னாராம் வள்ளுவர். வாசுகி பரிமாறிய நேர்த்தியில் ஒரு நாளும் அவை தேவைப்படவில்லையாம். அந்தக் கதையில் நொடிக்கணக்கு இல்லை, கழுவல் இருக்கிறது. (பருக்கையைக் கழுவலாம், கோழியைத்தான் கூடாது. கடிதம் எழுதத் தொடங்கியவர்கள் நிறுத்திக்கொள்ளவும்.)

நாம் செய்வது கழுவல் அல்ல, ஊதல். ‘உஃப்’ என்று ஒரு ஊது, வாய்க்குள் ஒரு போடு. அந்த ஊதலையும் டாசன் விட்டுவைக்கவில்லை. பிறந்தநாள் கேக்கின் மேல் பூசும் க்ரீமில் மெழுகுவத்தி நட்டு, ஆட்களுக்கு முதலில் பீட்சா கொடுத்து எச்சில் ஊறவைத்து, பிறகு ஊதச் சொன்னார்கள். ஊதிய க்ரீமில் பாக்டீரியா சராசரியாக 1,400 சதவிகிதம் அதிகம்! 2017-ல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபின் பிறந்தநாள் விழாக்களில் நான் கேக்கின் அடித்துண்டைத்தான் கேட்டு வாங்குகிறேன். முறுக்கை ஊதினால் தூசி போகலாம், பதிலுக்கு நம் எச்சில் வந்து சேரும். அது நம்முடையதுதானே என்று விட்டுவிடலாம். ஊதிக் கொடுப்பது அடுத்தவர் என்றால்தான் யோசிக்க வேண்டும்.

வாக்களித்த கணக்குக்கு இடமில்லை. ரத்தபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவுக்குச் சில பத்துக் கிருமிகளே போதும், சால்மோனெல்லாவுக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஏன் இந்த வித்தியாசம்? வயிற்று அமிலத்தைத் தாண்டுகிற கதை அது. அடுத்த வாரம் கட்டாயம் சொல்கிறேன்; வேறு யாரும் குறுக்கே வராவிட்டால்.

(தொடரும்)