ஆபிரிக்கப் பயணமும் மஞ்சள் அட்டையும்

ஆலன் நகரில் வதியும் எம்மவர் சிலர் அண்மையில் ஆபிரிக்கா சென்று மீண்டனர். அவர்தம் அனுபவங்களைக் கேட்டறிந்தோம். கென்யாவில் சிங்கத்தைக் கண்டோர் உளர். 1860ஆம் ஆண்டு சென்னையிலிருந்து ‘துரூரோ’ கப்பலில் நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டோரின் வழித்தோன்றல்களை டேர்பனிற் சந்தித்தோரும் உளர். தமிழ் பேச மறந்தும் காவடியை மறவாத மக்கள் அவர்கள்.

எனினும் முதலிற் கூறவேண்டியது வேறொருவரின் கதை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற அன்பர் ஒருவர், நைரோபியில் நான்கு நாள் தங்கி, அங்கிருந்து சென்னை சென்றார். கும்மிடிப்பூண்டி முகாமில் வாழும் தாயாரைப் பன்னிரண்டு ஆண்டுகளின் பின் காண்பதே நோக்கம். மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே ஏற்றியிருந்தார். நைரோபியில் எவரும் அட்டையைக் கேட்கவில்லை. சென்னையிற் கேட்டனர். ஊசி ஏற்றிப் பத்து நாள் கழிந்த பின்னரே அட்டை செல்லுபடியாகும். அவருக்கோ ஏழு நாளே ஆகியிருந்தது. ஐந்து நாள் விடுப்பில் மூன்று நாள் தனிமைப்படுத்தல் விடுதியிற் கழிந்தது. “தம்பி, சாப்பிட்டனியோ?” என்று தாயார் தொலைபேசியிற் கேட்டுக்கொண்டேயிருந்தாராம்.

இந்தியா இதில் மிகக் கண்டிப்பானது. கென்யாவிலிருந்து வருவோரிடம் தென்னாபிரிக்காவும் இவ்வட்டையைக் கேட்கும். அங்கீகாரம் பெற்ற நிலையங்களில் மட்டுமே இவ்வூசி போடப்படும். 2016 யூலை முதல் அட்டை ஆயுள் முழுவதற்கும் செல்லும். ஆதலாற் பழைய அட்டையை எறிந்துவிடாதீர்.

“ஊரில் மலேரியாக் காய்ச்சலைக் கண்டவர்கள்தானே நாம்” என்று மாத்திரையைத் தவிர்த்த ஒரு குடும்பத்தினரையும் கண்டோம். இது தவறு. இலங்கையே 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டுவிட்டது. பழைய எதிர்ப்புச் சக்தி உடலில் நிலைத்திராது. மாத்திரையை மீண்ட பின்னரும் மருத்துவர் கூறிய நாள் வரை உட்கொள்ளல் வேண்டும். பின்னர் காய்ச்சல் கண்டால், ஆபிரிக்கா சென்றதை மருத்துவரிடம் உடனே கூறுக. டெக்சாஸ் மருத்துவருக்கு மலேரியா நினைவுக்கு வராமற் போகலாம்.

குடியுரிமை பெறாதோர் அகதிப் பயண ஆவணத்துக்கு இந்நாட்டில் இருக்கும்போதே விண்ணப்பித்தல் வேண்டும். அது ஓராண்டுக்கே செல்லும், நீடிக்க முடியாது. எல்லா நாடுகளும் அதனை ஏற்பதில்லை. விதிகளும் அடிக்கடி மாறுவதால், சட்டத்தரணியை வினவிய பின்னரே விமானச் சீட்டு வாங்குக. இலங்கைக்குச் செல்வது புகலிட நிலையையே கேள்விக்குள்ளாக்கக் கூடும்.

அன்பர் இப்போது அட்டையைக் கடவுச்சீட்டுடன் சேர்த்தே வைத்திருக்கின்றார். அடுத்த ஆண்டு மீண்டும் தாயாரிடம் செல்ல எண்ணியுள்ளார்; நைரோபி வழியாகவல்ல.