வரைபடமும் ஓர் அமானத்தே

இப்போது புதிய வாடிக்கையாளர் ஒருவர் எமது கடையைத் தேடி வரும்போது தெருவில் நிற்பவரிடம் வழி கேட்பதில்லை. கையடக்கத் தொலைபேசியைத்தான் கேட்கிறார். அது காட்டும் இடத்தில் கடை இல்லையென்றால் பக்கத்துக் கடையில் சாமானை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவர் வந்து போனது எமக்குத் தெரியவும் வராது. ஆகவே தொலைபேசியிலுள்ள வரைபடம் சரியா, பிழையா என்பது எமது வரவு செலவோடு சம்பந்தப்பட்ட விடயமாகும்.

இத்தகைய வரைபடங்களில் ஒருவகை, பொதுமக்களே கூடி உருவாக்குவது. 2004 இல் பிரித்தானியாவில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் ஆரம்பித்த ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் இதில் முக்கியமானது. யாரும் அதில் இணைந்து ஒரு வீதியை, பள்ளிவாசலை, கடையைச் சேர்க்கலாம், திருத்தலாம். முன்பு கணினி முன் அமர்ந்து செய்த இந்த வேலையை இன்று செயலி மூலம் வீதியில் நின்றபடியே செய்துவிடலாம். ஆனால் பல பேர் கைவைக்கும் கணக்குப் புத்தகத்தில் பிழையும் வரத்தான் செய்யும்.

நான் பார்த்தவரையில் பிழைகள் மூன்று வழிகளில் வருகின்றன. முதலாவது அறியாமை. மெப்ஸ்.மீ என்ற செயலியில் 2016 இல் திருத்தும் வசதி வந்தபோது, சிலர் தமது சொந்த ஞாபகக் குறிப்புகளை உலகமே பார்க்கும் வரைபடத்தில் ஏற்றிவிட்டார்கள். இரண்டாவது சுயலாபம். 2017 டிசம்பரில் போக்கிமொன் கோ விளையாட்டு இந்த வரைபடத்துக்கு மாறியதும், ஆட்டத்தில் வெல்வதற்காக இல்லாத பூங்காக்களை வரைந்தவர்கள் இருந்தார்கள்.

மூன்றாவது விஷமம். 2018 ஆகஸ்டில் ஒருவர் நியூயோர்க் நகரின் பெயரையே யூதர்களை இழிவுபடுத்தும் சொல்லாக மாற்றினார். தொண்டர்கள் அதனை விரைவாக நீக்கிவிட்டனர். ஆனால் அந்தத் தரவுகளைப் பெற்றுப் பயன்படுத்தும் மெப்பொக்ஸ் நிறுவனத்தின் பிரதியில் அது தங்கிவிட்டது. சில வாரங்களின் பின் ஸ்னப்செட் உட்படப் பல செயலிகளில் அப்பெயர் தோன்றியது. மூலத்தில் திருத்தினாலும் பிரதிகளில் பிழை வாழும் என்பதே இதன் பாடம்.

இதற்குப் பரிகாரமும் உண்டு. ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில் ஒவ்வொரு திருத்தமும் செய்தவரின் கணக்குப் பெயரோடும் நேரத்தோடும் பதிவாகிறது. பிழையானதைப் பழைய நிலைக்குத் திருப்பலாம். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நாம் நிற்கும் இடத்தைப் பற்றிச் சிறு கேள்விகளை மட்டும் கேட்கிறது. தூரத்திலிருந்து பதில் கொடுத்தால், நேரில் பார்த்தீர்களா என்று விசாரிக்கிறது. திறக்கும் நேரம் போன்றவற்றைக் காலம் சென்றபின் மீண்டும் கேட்கிறது. கேட்ட செய்தியைத் தீர விசாரிக்க வேண்டும் என்று எமது மார்க்கம் கற்றுத்தந்த பண்பும் இதுதானே!

தொலைபேசியையும் கண்மூடி நம்பக்கூடாது. திறந்த வெளியிலேயே அது காட்டும் இடம் சுமார் 5 மீற்றர் விலகலாம். புறக்கோட்டையின் ஒடுங்கிய குறுக்குத் தெருக்களில் இன்னும் கூடுதலாக விலகும். அங்கே 5 மீற்றர் என்றால் அடுத்தவருடைய கடை. ஆகவே புள்ளியைக் கட்டடத்தின் மீது கையால் நகர்த்தி வைக்க வேண்டும்.

வியாபாரிகளிடம் நான் கேட்டுக்கொள்வது இவைதான். கடையின் பெயரைப் பெயர்ப்பலகையில் உள்ளபடியே சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பதியுங்கள். ஜும்ஆவுக்காக மூடும் நேரத்தையும் சேர்த்து எழுதுங்கள். கடை இடம் மாறினால் பழைய பதிவை அன்றே திருத்துங்கள். உணவகம் ஹலாலா என்று குறிக்கவும் அதில் இடமுண்டு. உறுதியாகத் தெரியாமல் அதனை எழுதிவிடாதீர்கள், அதை நம்பிச் சாப்பிடுபவர் இருக்கிறார். வேறு நிறுவனங்களின் வரைபடத்தைப் பார்த்துப் பிரதி செய்வதும் கூடாது. அது அடுத்தவரின் உரிமை. போட்டிக்காரரின் கடை மூடிவிட்டதாகப் பொய் எழுதுவதோ அளவை நிறுவையில் மோசடி செய்வதற்குச் சமன்.

இருப்புக் கணக்கெடுக்கும் நாளில் ஐந்து நிமிடம் ஒதுக்கி வரைபடத்தில் உங்கள் கடையையும் ஒருமுறை பாருங்கள். அப்படியே பக்கத்துக் கடையின் பதிவில் பிழை இருந்தால் அவருக்கும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், தேடி வருபவர் சரியான வாசலுக்கே வந்து சேருவார்.