கங்காணிக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரம்



ஹட்டன், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை பக்கம் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு செய்தி நன்றாகப் பழகிப்போனது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த தொழிலாளர்கள் குளவிக் கொட்டுக்கு இலக்காகி வைத்தியசாலையில் அனுமதி என்று பத்திரிகையின் உள்பக்கத்தில் நாலு வரியில் வரும். சில வேளைகளில் அதில் ஒரு மரணமும் இருக்கும். இரண்டொரு நாளில் அதே மலையில் மீண்டும் வேலை நடக்கும்.

குளவி எப்போது கலையும் என்று யாருக்குத் தெரியும், எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு நாமும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் தோட்டத்து மக்களோடு உட்கார்ந்து பேசிப் பாருங்கள். எந்த மலையில், எந்த மரத்தில் கூடு இருக்கிறது என்பது பல நேரங்களில் அங்குள்ளவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். தெரிந்தும் ஏன் ஆட்களை அங்கே இறக்குகிறார்கள்? இந்தக் கேள்விக்கான விடை தோட்டத்துக்கு மட்டும் உரியதல்ல. நாட்டாமி வைத்துச் சரக்கு இறக்கும் கடைக்கும், நாலைந்து பேர் வேலை செய்யும் பட்டறைக்கும் அதுவே விடை.

நடுவில் நிற்கும் மனிதர்

தோட்டத்தில் பெரிய துரை, சின்ன துரை, அவர்களுக்குக் கீழே வெளிக்கள உத்தியோகத்தர், கணக்குப்பிள்ளை என்று பலர் இருக்கிறார்கள். ஆனால் நாள் முழுவதும் தொழிலாளியின் பக்கத்தில் நிற்பவர் கங்காணிதான். மழையில் எந்தப் பாதை வழுக்கும், எந்தப் பாறைக்கடியில் பாம்பு கிடக்கும், எந்தப் பெண்ணுக்கு இன்று உடம்புக்கு முடியவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆபத்தை முதலில் காணும் கண் அவருடைய கண்.

அந்தக் கண் எதைப் பார்க்கப் பழக்கப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணிக்குத் தலைக்காசு என்று ஒரு வருமானம் இருந்தது. அன்றைக்கு அவருடைய ஆட்களில் எத்தனை பேர் வேலைக்கு வந்தார்களோ, அத்தனை தலைக்கு இத்தனை சதம் என்று கணக்கு. காலையில் எத்தனை பேர் மலைக்குப் போனார்கள் என்பதற்குக் காசு. மாலையில் எத்தனை பேர் சுகமாகத் திரும்பினார்கள் என்பதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை.

தலைக்காசு போய்விட்டது. ஆனால் அந்தக் கணக்கு இன்னும் போகவில்லை. இன்றைய கங்காணியிடமும் மாலையில் கேட்கப்படுவது கிலோதான். தோட்டம் குறித்த கிலோ வராவிட்டால் தொழிலாளிக்கு முழுப்பேர் விழாமல் அரைப்பேராகும் வழக்கம் உண்டு. கூட்டைக் கண்டு கங்காணி ஆட்களை வேறு மலைக்கு மாற்றினால் ஒரு மணித்தியாலம் போகும். அந்தப் பெண்களின் பேர் குறையும். கங்காணி மேலே பதில் சொல்ல வேண்டிவரும். ஆகவே அவரும் பேசாமல் இருக்கிறார், பெண்களும் பேசாமல் பறிக்கிறார்கள். கூடு கலையும்வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

மலையில் செய்யக்கூடியவை

நாம் பொதுவாகக் குளவி என்று சொன்னாலும், பல இடங்களில் கொட்டுவது உயர்ந்த மரங்களிலும் பாறைகளிலும் பெரிய அடையாகத் தொங்கும் மலைத்தேனீ. சிங்களத்தில் பம்பர என்பார்கள். குளவியைத் தெபர என்பார்கள். மலைத்தேனீக்கு ஒரு பழக்கம் உண்டு. பருவத்துக்கு இடம் பெயர்ந்து போய், மீண்டும் வரும்போது பழைய மரத்தையே தேடிவந்து கட்டும். ஆகவே போன வருடம் கூடு இருந்த மரத்தை ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாலே இந்த வருடத்துக்குப் பாதி எச்சரிக்கை கிடைத்துவிடும். இதற்குப் பெரிய படிப்போ செலவோ தேவையில்லை.

காற்று, புகை, கிளை முறிதல், பருந்து வந்து அடையைத் தாக்குதல் ஆகியவற்றால் கூடு கலையும். சுத்தம் செய்யாமல் காடாக விட்ட மலைகளில் புதருக்குள் இருக்கும் கூடு கண்ணுக்கும் தெரியாது. ஆகவே ஆட்களை இறக்குவதற்கு முன் ஒருவர் போய் மலையைச் சுற்றிப் பார்க்க வேண்டும். கூடு இருக்கும் இடத்தில் கொடி அல்லது துணி கட்டி அடையாளம் வைத்து, அந்தப் பகுதியை விட்டுவிட வேண்டும். கலைந்துவிட்டால் எந்தப் பக்கம் ஓடுவது, முகத்தை எதனால் மூடுவது, எந்தக் கட்டடத்துக்குள் புகுவது என்பதைப் பிரட்டுக்களத்திலேயே சொல்லிவைக்க வேண்டும். சிலருக்கு ஒரே கொட்டிலேயே ஒவ்வாமை ஏற்பட்டு மூச்சடைத்து, சில நிமிடங்களில் உயிர் போகக்கூடும். எனவே வாகனம் எங்கே நிற்கிறது, சாரதி யார் என்பது கங்காணிக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொட்டிய பிறகு வாகனம் தேடினால் காலம் கடந்துவிடும்.

தேயிலைத் தொழிற்சாலைக்குள்ளும் இதே கதைதான். கொழுந்து அரைக்கும் ரோலர், சலிக்கும் இயந்திரம், ஓடும் பெல்ட் ஆகியவற்றில் சேலைத் தலைப்போ கூந்தலோ சிக்கினால் இழுத்துக்கொண்டு போய்விடும். இயந்திரத்தைத் துப்புரவு செய்யும்போது ஒருவர் உள்ளே கை வைத்திருக்க, மற்றவர் அறியாமல் சுவிச்சைப் போட்டுவிடுவதும் உண்டு. இதற்கு உலகம் முழுவதும் கடைப்பிடிக்கும் விதி எளிமையானது. யார் துப்புரவு செய்கிறாரோ அவரே சுவிச்சை நிறுத்திப் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். அவர் வெளியே வந்து திறக்கும்வரை இயந்திரம் ஓடக்கூடாது. அவசரமான ஓர்டர் இருந்தாலும் இந்த விதியை விட்டுக்கொடுக்காமல் நிற்பதே மேற்பார்வையாளரின் வேலை.

டாக்காவில் ஒரு காலை

மேற்பார்வையாளர் கண்டும் நிறுத்தாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் காலத்தில் ஒரு பெரிய உதாரணம் பங்களாதேஷில் உண்டு. தலைநகர் டாக்காவுக்கு அருகே சாவர் என்ற இடத்தில் ராணா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம் இருந்தது. மேல்மாடிகளில் ஆடைத் தொழிற்சாலைகள், கீழே கடைகளும் ஒரு வங்கிக் கிளையும். 2013 ஏப்ரல் 23ஆம் திகதி சுவரிலும் தூண்களிலும் வெடிப்புக் கண்டது. ஆட்களை வெளியேற்றினார்கள். மறுநாள் வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்று நிறுத்திவிட்டது. கீழே இருந்த கடைகளும் திறக்கவில்லை. ஆடைத் தொழிலாளர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். போகாவிட்டால் சம்பளம் வெட்டப்படும் என்று மேற்பார்வையாளர்கள் மிரட்டியதாகத் தப்பியவர்கள் சொன்னார்கள். காலை ஒன்பது மணியளவில் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள்.

வங்கி கண்டதும் தொழிற்சாலைகள் கண்டதும் ஒரே வெடிப்பைத்தான். ஒரு மாடியில் வேலையை நிறுத்த முடிந்தது, மற்ற மாடிகளில் முடியவில்லை. ஏற்றுமதி ஓர்டருக்கு நாள் குறித்திருந்தபடியால், நிறுத்தும் துணிவு யாருக்கும் வரவில்லை. பொகவந்தலாவை மலையில் கிலோவுக்குப் பயந்து பேசாமல் இருக்கும் கங்காணியும், சாவரில் ஆட்களை உள்ளே அனுப்பிய சுப்பவைசரும் ஒரே நெருக்குதலுக்குள் நிற்பவர்கள். அந்த நெருக்குதல் மேலேயிருந்து, முதலாளியிடமிருந்து வருகிறது.

சட்டம் சொல்வது

நமது நாட்டில் 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் இருக்கிறது. ஓடும் இயந்திரங்களுக்கு வேலி, காப்பு போட வேண்டும் என்கிறது. விபத்தில் ஒருவர் மரணித்தாலோ, மூன்று நாட்களுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனாலோ தொழில் திணைக்களத்தின் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு அறிவிக்க வேண்டும் என்கிறது. தேயிலைத் தொழிற்சாலை இதற்குள் வரும். ஆனால் கொழுந்து பறிக்கும் மலையைத் தொழிற்சாலை என்று சட்டம் கொள்வதில்லை. அதிகமானோர் வேலை செய்யும் இடத்தில் அந்தச் சட்டத்தின் கை எட்டுவதில்லை. ஆகவே மலையில் கங்காணியின் கண்ணே காவல்.

விபத்து நடந்த பின் வருவது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். இது கடைக்காரர்களான நமக்கும் பொருந்தும். வேலையின்போது வேலையின் காரணமாக ஏற்படும் காயத்துக்கும் மரணத்துக்கும் முதலாளி நட்டஈடு கொடுக்க வேண்டும். ஐந்தரை இலட்சம் ரூபாவாக இருந்த உச்சத் தொகை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இருபது இலட்சமாக உயர்ந்தது. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் நேரும் விபத்தும் அதில் சேர்க்கப்பட்டது. இதற்குக் காப்புறுதி எடுத்துக்கொள்ளலாம். எடுக்காதவர்கள் இந்தத் தொகையைத் தம் கடையின் முதலோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். மேற்பார்வையாளர்களைப் பயிற்றுவிக்க விரும்புவோருக்கு, 2009ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதார நிறுவகம் இருக்கிறது.

நமது கடையில் கங்காணி யார்?

நம்மில் பலரிடம் சுப்பவைசர் என்ற பெயரில் ஒருவரும் இருக்கமாட்டார். ஆனால் அந்த வேலையைச் செய்பவர் இருப்பார். கிடங்குச் சாவி வைத்திருக்கும் நானா, லொறியோடு போகும் மூத்த ஆள், முதலாளி ஊரில் இல்லாத நாளில் கல்லாவில் இருப்பவர், இவர்கள்தான் நமது கங்காணிகள்.

அவர்கள் காணும் ஆபத்துகளை எண்ணிப் பாருங்கள். அரிசி, சீனி மூட்டைகள் கூரை முட்ட அடுக்கியிருக்கும், கீழ் வரிசையில் ஒரு மூட்டை கிழிந்து சரிந்துகொண்டிருக்கும். தோட்டப் பாதையின் ஏற்றத்தில் லொறியை நிறுத்திச் சில்லுக்குக் கல் வைக்காமல் சரக்கு இறக்குவார்கள். மழை நாளில் நனைந்த படியில் நாட்டாமி தலையில் சுமையோடு ஏறுவார். பிளக் உடைந்த வயரை நேரே சுவரில் செருகியிருப்பார்கள். இவற்றையெல்லாம் நமது ஆள் காண்கிறார். "இப்போது வேண்டாம், முதலில் இதைச் சரி செய்வோம்" என்று சொல்ல அவரால் முடியுமா? சொன்னால் "நேரத்தை வீணாக்காதே" என்று நம்மிடம் ஏச்சு வாங்குவாரா? இதற்கு நேர்மையாகப் பதில் சொன்னால், நமது கடை எவ்வளவு பாதுகாப்பானது என்பது தெரிந்துவிடும்.

ஆகவே மூன்று காரியங்களை நான் முன்வைக்கிறேன். முதலாவது, ஆபத்தைக் கண்டால் வேலையை நிறுத்தும் அதிகாரம் தனக்கு உண்டு என்று அந்த ஆளிடம் மற்றவர்கள் முன்னிலையில் சொல்லுங்கள். தனியாகச் சொன்னால் மற்றவர்கள் அவரை மதிக்கமாட்டார்கள். இரண்டாவது, நிறுத்திய நேரத்துக்கு யாருடைய சம்பளத்தையும் வெட்டாதீர்கள். தோட்டத்தில் அரைப்பேர் பயம் எப்படி வாயை அடைக்கிறதோ, அப்படித்தான் நமது கடையிலும் அடைக்கும். மூன்றாவது, காயம் ஏற்படாமல் தப்பிய சம்பவங்களையும் ஒரு கொப்பியில் எழுதச் சொல்லி, வாரத்துக்கு ஒரு தரம் அதைப் பாருங்கள். இன்று சரிந்து யார் மேலும் விழாத மூட்டை, நாளைக்கு யாராவது நிற்கும்போது விழும்.

சில வேளை நமது ஆள் தேவையில்லாமல் பயந்து நிறுத்தவும் கூடும். பத்துத் தடவையில் மூன்று தடவை அப்படி நடந்தாலும் ஏசாதீர்கள். ஏசினால் நான்காவது தடவை, உண்மையாக நிறுத்த வேண்டிய நேரத்தில், அவர் வாய் திறக்கமாட்டார். அந்த அரை மணித்தியால நட்டத்தைக் காப்புறுதிக் கட்டணம் போல நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்விடம் பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டித்தந்த வழி நாம் எல்லோரும் அறிந்தது. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி விசாரிக்கப்படுவார்கள் என்பதும் நமது நம்பிக்கை. அந்த விசாரணையில் கங்காணிமீது பழியைப் போட்டு முதலாளி தப்ப முடியாது. கயிறு முதலாளியின் கையில் இருக்கிறது. அதைக் கங்காணியின் கையில் கொடுத்தால்தான் அவர் ஒட்டகத்தைக் கட்டுவார்.

நம்மிடம் வேலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் மாலையில் சுகமாக வீடு போய்ச் சேர அல்லாஹ் அருள் புரிவானாக.